முதல் வரிசை நாற்காலி

1978ஆம் ஆண்டு, தீபாவளிக்கு மறுநாள் காலை. பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் இரவல் வாங்கிய அறுபது நாற்காலிகளை லோரியில் ஏற்றிக்கொண்டு எங்கள் தேயிலை எஸ்டேட்டின் பழைய கொழுந்துக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்தில் என் மகள் சாரதா, அன்று பாடவிருந்த முருகன் பாட்டை முணுமுணுத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. தாயில்லாத பிள்ளை. எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

ஒரு காலத்தில் கொழுந்தை எடை போட்ட இடம் அது. பலகைச் சுவர், தகரக் கூரை, சிமெண்டுத் தரை. ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் நாடக மன்றத்துக்குத் திறந்துவிடுவார்கள். மன்றம் என்றால் கொழுந்து பறிக்கிறவர்களும் தொழிற்சாலையில் நிற்பவர்களுமாகப் பதினோரு பேர். தீபாவளி விடுமுறையில் ஒரு கலைநிகழ்ச்சி. கூலி இல்லை, டிக்கெட்டும் இல்லை. நான் செயலாளர். அதாவது நாற்காலி தூக்குகிறவன்.

உள்ளே மாடசாமி சேலை கட்டிக்கொண்டிருந்தான். மன்றத்தில் மாமியார் வேடம் எப்போதும் அவனுக்குத்தான்.

"வாங்க நாலு விரலு. மாமியாருக்குக் கொசுவம் புடிச்சு விடுங்க லா."

தொழிற்சாலை ரோலர் மிஷினில் என் வலது கையின் மோதிர விரல் போய் அப்போது பன்னிரண்டு வருடமாகியிருந்தது. அவன் மட்டும் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

முன்வரிசையின் நடுவில் எஸ்டேட் மேனேஜர் துரைக்கென்று ஒரு நாற்காலி உண்டு. மெத்தை வைத்தது. வருடம் முழுவதும் கொட்டகையிலேயே கிடக்கும். போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை எடுத்துவிட்டு மெத்தையில் கை வைத்தேன்.

ஈரம்.

அண்ணாந்து பார்த்தேன். கூரை ஒழுகவில்லை. குனிந்தபோது வாடை வந்தது. நாளெல்லாம் மழையில் நின்று பறித்தவர்களின் கம்பளி வாடை. ஆட்டு மயிரும் வேர்வையும் கொழுந்துச் சாறும் கலந்த அந்த வாடையை எங்கள் ஆட்கள் உறக்கத்திலும் கண்டுபிடிப்பார்கள்.

துடைத்தேன். மற்ற நாற்காலிகளைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து மறுபடி கை வைத்தேன்.

மறுபடி ஈரம்.

"அப்பா," சாரதா கிசுகிசுத்தாள். "அந்தச் சுவத்துல இருந்து யாரோ பாக்குறாங்க."

அவள் காட்டிய இடத்தில் பலகைகளுக்கு நடுவே விரலளவு இடுக்கு. போன வருடம் அதை நானே பிஸ்கட் டின் தகரம் வெட்டி அடைத்திருந்தேன். இப்போது தகரம் தரையில் கிடந்தது. நான்கு ஆணிகளும் வளையாமல், யாரோ பொறுமையாக விரலால் பிடுங்கி வைத்ததுபோல் பக்கத்தில் வரிசையாக இருந்தன.

எதற்காக அடைத்தேன் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

போன வருடம் இதே நாளில் கொட்டகை நிறைகிற நேரத்தில் வேலாயிக்கா வந்தார். முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. நனைந்த கம்பளியோடு நேராகப் போய்த் துரையின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்கக்கா. அது துரைக்குப் போட்டது," என்றேன்.

"தொர வரட்டும் தம்பி, எந்திரிச்சுக்கிறேன். காலு கடுக்குது."

கங்காணி வீரப்பன் பின்னாலிருந்து, "ஒரு கெழவிய எழுப்பத் தெம்பில்ல, இவரு செயலாளராம்," என்றார். கொட்டகையே சிரித்தது. எனக்கு ரோஷம் பொங்கியது. வேலாயிக்காவின் இடது கையைப் பற்றி, வாசல்வரை இழுத்துக்கொண்டு போய் மழையில் விட்டேன். உள்ளே இடமில்லை என்றேன். அது பொய். பின்வரிசையில் நாலைந்து நாற்காலிகள் காலியாக இருந்தன.

துரை வரவேயில்லை. நிகழ்ச்சி முடியும்வரை அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

மறுநாள் காலை வேலாயிக்காவைக் கண்டார்கள். வெளிச்சுவரில் சாய்ந்து, அந்த இடுக்கில் ஒரு கண்ணை வைத்தபடியே குளிரில் உயிர் போய் விறைத்து நின்றார். காலடியில் ஒரு காலிக் குவளை. எங்கள் மன்றத்தில் நடிக்கும் ருக்குமணி மட்டும் நடுவில் போய்ச் சூடாகத் தேநீர் கொடுத்திருக்கிறாள். உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டாளாம். "அந்தத் தம்பி கூப்பிடட்டும்," என்றாராம் வேலாயிக்கா.

'வயசாயிருச்சு' என்று எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். நான் தகரம் வெட்டப் போனேன்.

மூன்று மணிக்கு நிகழ்ச்சி. தூரத்து லயத்து வீடுகளில் இருப்பவர்கள் வெளிச்சத்திலேயே வீடு திரும்பவேண்டும் என்பதால் எப்போதும் அந்த நேரம்தான். அன்று இரண்டரைக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு மறைந்தது. பிறகு பாதை. பிறகு என் லோரி.

வேலைக்குப் புதிதாக வந்திருந்த துரை அந்த வருடம் உண்மையாகவே வந்தார். வீரப்பன் முன்னால் ஓடி, நாற்காலியைத் தோள் துண்டால் தட்டிவிட்டார். துரை உட்கார்ந்தார்.

அந்தக் கணத்தில் வெளிச்சுவரில் யாரோ நகத்தால் கீறினார்கள்.

சாரதா மேடைக்கு வந்து கைகூப்பினாள். இரண்டு அடி பாடினாள். மூன்றாவது அடியில் குரல் நின்றது. யாரையும் பார்க்காமல் மேடையை விட்டு இறங்கிச் சுவரோரம் போனாள். இடுக்கில் ஒரு கண்ணை வைத்தாள்.

அப்படியே நின்றாள்.

ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. என் ஒன்பது வயது மகள், அடித்து இறுக்கிய முளைபோல் நின்றாள். உடம்பு பனிக்கட்டி. கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"சாரதா."

குழந்தையின் குரலிலேயே பதில் வந்தது.

"காலு கடுக்குது தம்பி."

ருக்குமணி என் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணே, அவங்க ஒரு எடந்தான கேட்டாங்க," என்றாள் மெதுவாக. "நீங்கதான் கூப்பிடணும்."

திரும்பிப் பார்த்தேன். அந்த நாற்காலியில் துரை இருந்தார். என் வேலை, நான் ஓட்டும் எஸ்டேட் லோரி, நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடு, எல்லாம் அவர் கையில்.

சாரதாவின் மூச்சு நின்று நின்று வந்தது.

துரையின் முன்னால் போய் நின்றேன். "தொரை, தயவுசெஞ்சு இந்த நாக்காலிய விட்டு எந்திரிங்க."

"பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு?" வீரப்பன் பல்லைக் கடித்தார். "நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் பேசு."

அத்தனை பேர் நடுவிலும் சொன்னேன். போன வருடம் யாரை எப்படி இழுத்தேன், என்ன பொய் சொன்னேன், எல்லாம். துரைக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவர் சுவரோரம் நின்ற குழந்தையைப் பார்த்தார். எழுந்து ஒதுங்கினார்.

ருக்குமணி ஓர் உலர்ந்த கம்பளியை மெத்தையில் விரித்தாள். நாற்காலிக் கையில் ஆவி பறக்கும் தேநீர்க் குவளையை வைத்தாள்.

"உள்ள வாங்கக்கா," என்றேன். "உக்காருங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு வாசல் திரை அசைந்தது.

சிமெண்டுத் தரையில் ஈரக்கால்கள் மெல்ல நடந்து வந்தன. கால்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. சுவடுகள் தெரிந்தன. வரிசை வரிசையாக ஆட்கள் தங்கள் பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். என்னைக் கடக்கும்போது அந்தச் சுவடுகள் நின்றன. கம்பளி வாடை என் முகத்தில் அடித்தது. அந்த வாடையில் மன்னிப்பு இல்லை.

நாற்காலி கிறீச்சிட்டது. கம்பளி நடுவில் அமுங்கியது. குவளையில் ஆவி சட்டென்று அடங்கியது.

சாரதா என் கைகளில் சரிந்தாள். மூச்சு வந்தது, சூடாக. வள்ளிமணாளா என்று வாய்விட்டு அழுதேன்.

"அப்பா," என்றாள் கண் திறந்து. "ஏன் என் கையப் புடிச்சு அப்பிடி இழுத்தீங்க?"

நான் இழுக்கவில்லை. பாவாடைச் சட்டையின் கையை ஏற்றிப் பார்த்தேன். இடது மேற்கையில் கன்றிப்போன தடம். ஒரு பெரிய ஆளின் பிடி. கட்டைவிரல், அப்புறம் மூன்று விரல். மோதிர விரல் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"நாடகத்தப் போடுங்க," ருக்குமணி முணுமுணுத்தாள். "அவங்க பாக்க வந்திருக்காங்க."

மாடசாமி மாமியாராக நடித்தான். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. முதல் வரிசையிலிருந்து மட்டும், ஒவ்வொரு வேடிக்கைப் பேச்சுக்கும், சளி கட்டிய ஒரு சிரிப்பு வந்தது.

மறுநாள் வீரப்பன் லோரிச் சாவியை வாங்கிக்கொண்டார். நான் மகளோடு கோலா தெர்லாவுக்கு வந்து காய்கறி லோரி ஓட்டத் தொடங்கினேன். ஆனாலும் எட்டு வருடமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கொட்டகைக்குப் போகிறேன். முன்வரிசை முழுவதும் இப்போது வயதானவர்களுக்கு. நடு நாற்காலியில் உலர்ந்த கம்பளி விரித்து, தேநீர் வைத்து, வாசலில் நின்று கூப்பிடுகிறேன். செய்யக்கூடிய சின்னக் காரியங்களை முருகன் என் முன்னால் வைத்துக்கொண்டேதான் இருக்கிறான். அவற்றை மறுபடி தவறவிட எனக்குத் தைரியமில்லை.

சாரதாவுக்குப் பதினேழு வயதாகிறது. அவள் கை வளர்ந்துவிட்டது. தடம் வளரவில்லை, மறையவுமில்லை. இன்றும் என் பிடிக்குச் சரியாக இருக்கிறது.

இந்த வருடம் தீபாவளிக்கு இன்னும் நான்கு நாள். இன்று காலை மழை பிடித்தது. சாரதா முழுக்கைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, அடுப்பருகே உலர்ந்த இடத்தில் எனக்கு எதிராக உட்கார்ந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் இடது கைத் துணி நனையத் தொடங்கியது. முதலில் கட்டைவிரல் அளவு. பிறகு ஒன்று, இரண்டு.

ஓர் இடைவெளி விட்டு, கடைசி விரல்.