காத்து பிரிஞ்சுதா?

"இவ்வளவு நேரம் எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தையே இதுதான். காதல் இப்படியும் தொடங்கித் தொலைக்கிறது... என்ன செய்ய?

அவள் லிஃப்ட் மெக்கானிக். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது வேறொரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்றிருந்தாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாளாம், ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்றாம். கம்பெனியின் நீலச் சட்டையும் முழங்கை வரை கிரீஸுமாக அப்படியே ஓடி வந்துவிட்டாள்.

அவனோ அந்த ஆஸ்பத்திரியின் பராமரிப்பு மேற்பார்வையாளன். நின்றுபோன லிஃப்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லிக் காலையிலிருந்து போனில் கத்திக்கொண்டிருந்தவன், நீலச் சட்டையைக் கண்டதும் திட்டிக்கொண்டே சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தான்.

அவள் அதை அவன் நெஞ்சிலேயே விட்டெறிந்தாள். "என் பொண்ணு மாடியில வலியில துடிச்சிட்டிருக்கா. உங்க லிஃப்ட் ஓடினா எனக்கென்ன, நாசமாப் போனா எனக்கென்ன?"

அப்போதுதான் அவன் அந்தக் கண்களைப் பார்த்தான். மேலே கோபம், அடியில் பயம்... இடி மட்டும் இடித்து, பெய்யாமல் அடம்பிடிக்கிற மழை. அவள் தோளிலிருந்த கருவிப் பையை வாங்கிக்கொண்டு, அவளோடு படியேறி ஓடினான்.

குடல்வால் வெடித்திருந்தது. உடனே ஆபரேஷன். பாப்பாவோட அப்பா கையெழுத்து என்று படிவத்தோடு இழுத்த சிஸ்டரிடம், பெற்றவள் போட்டால் பேனா எழுதாதா என்று கேட்டு, வாங்கிப் போட்டாள். விவாகரத்து ஆனவளை எல்லோரும் பாதிக் கையெழுத்தாகத்தான் பார்க்கிறார்கள்.

தியேட்டர் கதவு மூடியதும் உட்கார முடியவில்லை. முன்னும் பின்னுமாக நடந்தாள். கொஞ்சம் தள்ளி, மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"லிஃப்ட் இன்னும் ஓடலையா?"

"இல்லைங்க... அதை விடுங்க, இப்பப் போய்..."

"என் பொண்ணை எதுல கீழ வார்டுக்குக் கொண்டு போவீங்க? தலையில வெச்சா? பையைக் குடுங்க. நீங்க இங்கயே உட்காருங்க. கதவு அசைஞ்சாலும் என்னைக் கூப்பிடணும். கூப்பிடலைன்னா உங்களை உள்ள வெச்சுப் பூட்டிடுவேன்."

அவன் வகுப்பில் முதல் பெஞ்சுப் பையன் போலக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்தான். பழுது பெரிதில்லை, கதவு ஸ்விட்சில் அழுக்கு. வேலை ஓடியதில் அவள் மனசு கொஞ்சம் அடங்கியது. மகளைத் தூங்கத் தூங்க அந்த லிஃப்டில்தான் இறக்கினார்கள்.

வார்டில் வேறொரு காத்திருப்பு. குடல் விழித்துக்கொண்டதற்கு ஒரே அடையாளம் காற்று பிரிவது, அதுவரை சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது என்றார் டாக்டர். பிறகென்ன... டாக்டர், சிஸ்டர், பெருக்க வருகிற அம்மா, பக்கத்துக் கட்டில்காரர்கள் என்று வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அதே கேள்வி. காத்து பிரிஞ்சுதா? வாலு என்று வீட்டில் பெயரெடுத்த அந்த ஏழு வயது மகள், வெடித்த உதடுகளோடு இல்லையென்று தலையாட்டுவாள்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் அவனும் ஆஜர். ஆக்சிஜன் குழாயைச் சரிபார்க்க வந்தானாம். எந்தக் குழாய்க்கு இத்தனை கவனிப்பு என்று அவளுக்குத் தெரியாதா? வாலுவுக்கோ அவனென்றால் உயிர். லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்ட பெரிய டாக்டர் எப்படி மிரண்டார் என்று அவன் நடித்துக் காட்ட, வாலு தையல் வலிக்க வலிக்கச் சிரிப்பாள். அம்மாவுக்கும் சிரிப்பில் உதடு துடிக்கும். அதுதான் பயமாக இருந்தது... இந்தச் சிரிப்பெல்லாம் எங்கே ஒளிந்திருந்தது?

நான்காம் நாள் காலை டாக்டர் முகத்தைச் சுளித்தார். சாயங்காலத்துக்குள் காற்று பிரியாவிட்டால் ஸ்கேன், தேவைப்பட்டால் மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் அருகில் வந்தான்.

"நான் இருக்கேன்ல... பயப்படாதீங்க."

இதே வார்த்தையை ஏற்கெனவே ஒருத்தன் சொல்லியிருக்கிறான். சொன்னவன் இப்போது எங்கே இருக்கிறான் என்றுகூடத் தெரியாது.

"நீங்க யாரு இருக்கிறதுக்கு? பாவம் பார்த்து வர்றவங்க யாரும் எனக்கு வேண்டாம். போயிடுங்க."

அவன் முகம் அணைந்துபோனது. குனிந்த தலையோடு போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் சட்டையைப் பிடித்து இழுத்தாள் வாலு. "அம்மா... அங்கிள் போயிட்டாங்களா? நிஜமாவா?"

"போயாச்சு."

"அப்போ சொல்றேன். அது... நேத்தே வந்துடுச்சும்மா. நிறைய தடவை."

"ஏன்டி, டாக்டர் கேட்டப்போ இல்லைன்னியே?"

"அங்கிள் பக்கத்துல நின்னாங்கல்ல... வெக்கமா இருந்துச்சு. பொம்பளப் புள்ள நாலு பேர் முன்னாடி அதெல்லாம் பேசக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

சொன்னவள்தான். அப்பன் இல்லாமல் வளர்ந்தது அப்படித்தான் இருக்கும் என்று ஒரு வாயும் சொல்லிவிடக் கூடாதென்று, சிரிக்கவும் தும்மவும்கூட அளவு சொல்லிக் கொடுத்தவள். எவன் வாய்க்கோ பயந்து, பெற்ற பிள்ளையின் வயிற்றை இன்னொரு தரம் கிழிக்கக் கொடுத்திருப்பாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது, தன்மேலேயே... கூடவே சிரிப்பும். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, வார்டே திரும்பிப் பார்த்தது.

டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஸ்கேன் வேண்டாம் என்றார். முதல் கரண்டித் தண்ணீரை வாலு கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, மிச்சம் வைக்க மனசில்லாமல் விழுங்கினாள். பிறகு கேட்டாள், அங்கிளை ஏன் திட்டினாய் என்று.

மகளை சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு அவள் அவனைத் தேடிப் போனாள். மொட்டைமாடியில், கொட்டுகிற மழையில், அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாயைக் கம்பியால் குத்திவிட்டுக்கொண்டிருந்தான். இமைகளில் துளிகள் கோத்துக்கொண்டு நின்றன. அவளைப் பார்த்ததும் கம்பி கையிலிருந்து நழுவியது.

"பாப்பாவுக்கு..."

"காத்து பிரிஞ்சுடுச்சு."

தேங்கிய தண்ணீரிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. பாவம் பார்க்கிறவன் இப்படியா உட்காருவான்? அவள் நெஞ்சுக்குள் எதுவோ இளகி ஓடியது. மழையில் இறங்கி, அவன் எதிரே குந்தி, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அப்போ இத்தனை நாளும் வில்லன் நான்தானா?"

"நீங்க பாதி. நான் பாதி." மழை கன்னத்தில் வழிந்தது. "வெக்கப்பட்டு மறைச்சா என்ன ஆகும்னு இன்னிக்குப் பார்த்துட்டேன். அதனால நேராவே சொல்லிடறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... இத்தனை நாள் இடித்தது, இப்போது பெய்துகொண்டிருந்தது.

"எனக்கு அன்னிக்கே, திட்டினப்பவே..."

"இனிமேலும் திட்டுவேன்."

"தெரியுங்க."

"அப்புறம் ஒண்ணு. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மட்டும் நீங்க வெளிய நிக்கணும். என் பொண்ணு உண்மையைப் பேசணும்."

"சரிங்க... மத்த நேரம்?"

அவள் எழுந்து, கிரீஸ் கறை போகாத கையை அவனிடம் நீட்டினாள்.

"மத்த நேரமெல்லாம் உள்ளயே இருங்க."