எதிர்த் தட்டில் ஒரு மோமோ

“அது என் மேசைங்க...”

சொன்ன பிறகுதான் ஜெயப்பிரியாவுக்கே தோன்றியது, மேசையில் தன் பெயரா எழுதியிருக்கிறது என்று.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். தலைமுடியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தை இறுக்கிச் சுற்றிய சாம்பல் நிற மப்ளர், சேறு அப்பிய செருப்பு. கண்கள் மட்டும்... மூடுபனி சட்டென்று விலகும்போது தெரியுமே ஒரு பள்ளத்தாக்கு, அப்படி ஆழமாக, அமைதியாக...

“வாடகைக்கு எடுத்திருக்கீங்களா?” என்றான்.

“இல்ல... இந்தக் கடைக்கு வந்தா இங்கதான் உக்காருவேன்.”

“நான் வாராவாரம் வரேங்க. ஆனா உக்காந்ததே இல்ல. பின்வாசல்ல முட்டைக்கோஸ் மூட்டைய எறக்கிட்டுப் போயிருவேன். இன்னிக்கு மழைதான் புடிச்சு உக்கார வச்சுருச்சு.”

அந்தச் சின்னத் திபெத்தியக் கடையில் மற்ற மேசைகளையெல்லாம் நனைந்துபோன சுற்றுலாக்காரர்கள் பிடித்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து தடித்த மொழிபெயர்ப்பு நாவலை எடுத்துத் தனக்கும் அவனுக்கும் நடுவில் சுவர் மாதிரி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளை அவள் இப்படித்தான் கழித்தாள். கொடைக்கானல் ஏரிக்கரை விடுதி ஒன்றில் முன்பதிவு பார்க்கும் வேலை. வார விடுமுறையில் ஒரு நாவல், ஒரு உணவகம். பஜாரில் இஸ்மாயில் பாய் கடை பிரியாணி, மலைச்சரிவில் விறகடுப்பில் பிட்சா சுடும் தோட்டக் கடை, நெய் மணக்கும் பஞ்சாபி தாபா... புத்தகத்தில் தூர தேசத்து ஆள் ஒருவன் பனியில் நடந்துபோய் சூப் குடித்தால் இவளுக்கும் பசித்துவிடும். தனியாகச் சாப்பிடுகிறோமே என்று ஒருநாளும் அவள் வருந்தியதில்லை.

வீட்டுக்கு மட்டும் இது தெரியாது. பழனி அடிவாரத்தில் அப்பா இராமலிங்கம் மாலைக் கடை வைத்திருந்தார். பாதயாத்திரை வருகிறவர்களுக்கு மாலையும் காவடிச் சாமான்களும் விற்கிற கடை. அந்த வீட்டு அடுப்பில் முட்டைகூட வெந்ததில்லை.

தட்டுகள் வந்தன. அவனுக்கு முட்டைக்கோஸ் மோமோ. அவளுக்குக் கோழிக்கறி மோமோ. இரண்டும் அக்கா தங்கை மாதிரி ஒரே சாயலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. அவன் ஒன்றை எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

“கொழுக்கட்டைக்குச் சடை பின்னி விட்ட மாதிரி இருக்கு...”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவர் சரிந்தது. ரசித்துத் தின்னத் தெரிந்த ஆளைக் கண்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, காரச் சட்னியில் தோய்த்து, அவன் தட்டில் வைத்தாள்.

“இதச் சாப்பிட்டுப் பாருங்க. ஒண்ணும் கேக்காதீங்க... வாயில போடுங்க.”

அவன் போட்டுக்கொண்டான். மெல்ல ஆரம்பித்து... ஒரு கணம் நிறுத்தினான். அவள் கன்னத்தில் கைவைத்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருக்கு?”

விழுங்கினான். “நல்லாருக்குங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தான். காரத்தில் வேர்த்ததோ என்னவோ, மப்ளரைத் தளர்த்தினான்.

உள்ளே துளசி மாலை. அதன் நுனியில் வேல் பதித்த டாலர்.

ஜெயப்பிரியாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எத்தனை ஆயிரம் மாலைகளை அவள் கையாலேயே எண்ணெயிட்டுத் துடைத்து அடுக்கியிருப்பாள்! மாலை போட்டவர்களைச் ‘சாமி’ என்று மட்டுமே கூப்பிட்டு வளர்ந்தவள். கீழே பழனியில் என்றால் மாலை நெஞ்சுக்கு வெளியே தெரியும், தூரத்திலேயே ஒதுங்கி வழிவிடுவாள். இங்கே குளிர்... சாமியையும் மப்ளருக்குள் பொத்தி வைக்கிற குளிர்!

சொல்லிவிட வேண்டும். இப்போதே. ஆனால் சொன்னால் விரதம் முறிந்தது என்று அவன் மாலையைக் கழற்ற வேண்டும். சொல்லாவிட்டால்... யாருக்குத் தெரியப்போகிறது? கோழி என்றே அவனுக்குத் தெரியவில்லையே.

மழை விட்டது. அவன் எழுந்தான். கொஞ்சம் தயங்கினான்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை எந்தக் கடைங்க?”

“தாபா...” என்றாள் அவள். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

*

அவன் பெயர் முருகவேல். கவுஞ்சி மலைக்கிராமத்தில் கேரட்டும் பூண்டும் முட்டைக்கோசும் குடமிளகாயும் போடுகிறவன். வெள்ளனே ஜீப்பில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்கு வந்தால், எல்லா உணவகங்களின் பின்வாசலும் அவனுக்கு அத்துப்படி. முன்வாசல் இப்போதுதான், அவளால்.

ஞாயிறுகள் மாறிப்போயின. நாவலில் அதே பக்கத்தில் அடையாளத் துண்டு கிடந்தது. அவன் எதிரே இருந்ததால் அவள் பருப்பு, பனீர், காய்கறி சூப் என்றே கேட்டாள். பிட்சாக் கடையில் தன் குடமிளகாயை அடையாளம் கண்டு அவன் அசந்துபோனான்.

“நம்ம மூட்டையில வந்ததுங்க இது! பெரிய எடத்துக்கு வாக்கப்பட்ட பொண்ணு மாதிரி மினுங்குது பாருங்க... நம்மளத் தெரியாத மாதிரியே கெடக்கு.”

அவள் சிரித்துச் சிரித்து, கண்ணில் நீர் வந்து, துடைத்துக்கொண்டபோது அவன் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று இருவரும் தட்டைப் பார்த்தார்கள்.

இவனிடமா மறைக்கிறேன்... என்று ஒவ்வொரு வாரமும் அறைக்குத் திரும்பும் வழியில் நெஞ்சு கனக்கும். சைப்ரஸ் மரங்களுக்கிடையே பனி இறங்கும். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொள்வாள். அடுத்த வாரம் அவன் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவான்.

தைப்பூசம் நெருங்கியது. தாபாவில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். “என்ன வேண்டுதலுங்க?”

அவன் காது சிவந்தது. “சொன்னா சிரிப்பீங்க... எங்க ஊர்ல எது போட்டாலும் வெளையும். வெவசாயம் பாக்குறவனுக்குப் பொண்ணு மட்டும் கெடைக்காது. கவுஞ்சின்னாலே ‘குளிரு, காட்டெருமை, மண்ணு வேலை’ன்னு ஓடிர்றாங்க. பாத்துப் பாத்து ஓஞ்சுபோயி, எங்க அம்மாதான் முருகன்கிட்ட வேண்டிக்கிட்டு எனக்கு மாலையப் போட்டு விட்டுச்சு. அதுவும் எங்கூடச் சேந்து ஒரு வேளைதான் சாப்பிடுது.”

அவள் சிரிக்கவில்லை. பார்த்தே இராத ஒரு அம்மா, கவுஞ்சிக் குளிரில் ஒருவேளைச் சாப்பாட்டோடு உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. இதற்கு மேலும் சொல்லாமல் இந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து எதையும் தின்ன முடியாது என்று தெரிந்தது.

“முதல் நாள்... உங்க தட்டுல ஒரு மோமோ வச்சேனே...”

அவன் கை நின்றது.

“அது கோழிக்கறிங்க. வைக்கும்போது மாலை இருந்தது தெரியாது, சத்தியமா. அப்புறம் பாத்தேன். பாத்தும் சொல்லல. நீங்க இனிமே வர மாட்டீங்களோன்னு... சொல்லல.”

அவன் ரொட்டியைத் தட்டில் வைத்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பனி மூடிய பள்ளத்தாக்கு.

“சோலி கெடக்குங்க... வெரசாப் போகணும்.”

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. இஸ்மாயில் பாயே வந்து, “என்னம்மா, பிரியாணி அப்படியே இருக்கு, மசாலா சரியில்லையா?” என்று கேட்டார். அருமை பாய், என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். உண்மையில் உப்பு இருந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

*

பூசத்துக்கு ஊருக்குப் போனாள். அடிவாரம் முழுக்கத் தலைகள். மேளமும் காவடியும் அரோகராவும்... கடைக்கு முன்னால் அப்பா பந்தல் போட்டு, நடந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். ஜெயப்பிரியா ரச வாளியோடு பந்தியில் குனிந்து குனிந்து நகர்ந்தாள்.

“சாமி, ரசம்... சாமி, ரசம்...”

ஒரு இலையில் சோற்றுக்கு நடுவில் குழி வெட்டிய விரல்கள். நகக்கண்ணில் கவுஞ்சி மண்.

நிமிர்ந்தாள். முருகவேல்! வெயிலில் கருத்திருந்தான். கொப்புளம் வெடித்த கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தான். கழுத்து வெறுமையாக இருந்தது.

“மாலை...?”

“குருசாமிகிட்டச் சொல்லிக் கழட்டிட்டேன். கூட வந்தவங்களுக்கு அரிசிச் சிப்பம் தூக்கிக்கிட்டு சும்மா நடந்து வந்தேன்.”

“என்னாலதான...” குரல் உடைந்தது.

“இல்லங்க.” அவன் இலையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “மொதக் கடியிலயே தெரிஞ்சுருச்சு. கார்த்திகை வரைக்கும் கோழி தின்னவன், எனக்குத் தெரியாதா? எந்திரிச்சுப் போயித் துப்பியிருக்கலாம். நீங்க கன்னத்துல கைய வச்சுக்கிட்டு ‘எப்படி இருக்கு’ன்னு கேட்டீங்க... முழுங்கிட்டேன். அதுக்கப்புறமும் மாலையோடயே வாராவாரம் உங்க எதுத்தாப்புல வந்து உக்காந்தேன். நீங்க உள்ளதச் சொல்லிட்டீங்க. எனக்கு வாய் வரல. அந்த வெக்கத்துலதான் எந்திரிச்சுப் போனேன். அத நேர்ல சொல்லணும்னுதான், நீங்க சொன்ன மாலைக் கடையத் தேடி வந்தேன்...”

கரண்டி அந்தரத்தில் நின்றது. பக்கத்து இலைப் பெரியவர் பொறுமை இழந்தார்.

“ஏ தாயி, ரசம் இந்தப் பக்கம் வருமா வராதா?”

சத்தம் கேட்டு அப்பா வந்தார். மகளின் கலங்கிய கண்ணையும், இலைக்கு முன் தலைகுனிந்திருந்த இளைஞனையும் மாறிமாறிப் பார்த்தார்.

“யாரும்மா இவரு?”

யாரோ பக்தர்ப்பா என்று சொல்லிவிடலாம். எவ்வளவு சுலபமான பதில்... சொல்லாமல் விட்ட ஒரு சொல் என்னவெல்லாம் செய்யும் என்று அவளுக்கு இப்போது தெரியும். வாளியைக் கீழே வைத்தாள்.

“கவுஞ்சி முருகவேல்ப்பா. மாலை போட்டிருந்தாரு. நான்தான் தெரியாம இவருக்குக் கோழிக்கறி குடுத்துட்டேன்.”

அப்பா புருவத்தைச் சுருக்கினார். “உனக்கு ஏது கோழிக்கறி?”

“நான் திம்பேன்ப்பா. வேலைக்குப் போனதுலருந்து...” மூச்சை இழுத்துக்கொண்டாள். இனி நிறுத்தினால் வராது. “இவரையும் எனக்குப் பிடிச்சிருக்குப்பா.”

பந்தியில் மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. ரசம் கேட்ட பெரியவர்கூட ரசத்தை மறந்துவிட்டார்.

அப்பா குனிந்து வாளியைத் தூக்கிக்கொண்டார். பெரியவருக்கு ஊற்றினார். அடுத்த இலைக்கு நகர்ந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“சோத்துக்கு முன்னாடி நின்னு அழுவாங்களா? இலையப் போட்டு உக்காந்து சாப்பிடு. மத்தத... கூட்டம் கொறையட்டும், பேசுவோம்.” கொஞ்சம் நின்றார். “அந்தத் தம்பிக்குச் சோறு பத்தல. பாத்துப் போடு.”

முருகவேல் நகர்ந்து பாயில் இடம் விட்டான். இதுவரை எதிரெதிரே மட்டுமே உட்கார்ந்தவர்கள்... பக்கத்தில் உட்காரும்போது எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இலையைப் பார்த்தாள். மலைமேல் அரோகரா எழுந்து அடங்கியது.

“எனக்கும்” என்றான் அவன், மிக மெதுவாக.

“என்ன எனக்கும்?”

“இப்ப அப்பாகிட்டச் சொன்னீங்களே... அது.” அவன் காது சிவந்திருந்தது. “மழை பேஞ்சப்பலருந்தே... எனக்கும்தாங்க.”