நானூற்றுப் பதின்மூன்றாம் பாகம்

காலை எட்டரை மணிக்குள் வண்ணார்பேட்டைப் பணிமனையில் ஏழு பேருக்கு மூட்டுவலி வந்துவிட்டது. யாரும் தைலம் தேடவில்லை. ஏழு பேருந்துகளில் பிரேக் தேய்ந்திருக்கிறது என்று எழுதிவைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த நோவுக்கச்சையைக் கழற்றி மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

நோவுக்கச்சை நான்கு விரல் அகலப் பட்டை. அதைக் கட்டிக்கொண்டு பேருந்தைத் தொட்டால் அதன் கோளாறு தொட்டவர் உடம்பில் வலியாக இறங்கும். பிரேக் என்றால் முழங்கால். குளிர்விப்பான் என்றால் தாகம். காற்றுக்குழாய் கசிந்தால் நெஞ்சில் இழுப்பு. பேருந்துக்கு வலிக்கிறது என்று தெரிந்த பிறகு ஊர் சும்மா இருக்குமா? ஊர்வலம் போனார்கள், வாகன நலச் சட்டம் வந்தது. வலியோடு எந்த வண்டியும் சாலைக்குப் போகக்கூடாது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் சிகிச்சை. மனிதர்களைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. அவர்கள் தினமும் காலையில் 'எனக்கு வலி ஏதும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டால் போதும்.

சுதன், தென்மண்டலப் பேருந்துப் பெருங்கழகத்தின் பட்டப் பயில்வன், அதாவது பட்டத்துக்குப் படித்துக்கொண்டே வேலை பழகுபவன். வாரத்தில் ஐந்து நாள் பணிமனை, ஒரு நாள் கல்லூரி. கல்லூரியில் அவன் 'டிப்போக்காரன்', டிப்போவில் 'காலேஜ்'. இன்று அவனுக்கு இறுதித் தேர்வு: ஒரு வண்டி, ஒரு வலி, அரை மணி நேரம். பேருந்தின் நானூற்றுப் பன்னிரண்டு பாகங்களில் நோவது எது என்று எழுத வேண்டும். போன வருடம் தாகம் எடுத்ததை வெயில் என்று நினைத்துத் தண்ணீர் குடித்துவிட்டுத் தோற்றான். இரண்டாம் முறை தோற்றவனுக்குப் பட்டமும் கிடையாது, வேலையும் கிடையாது.

"ஏல சுதா, இன்னைக்காவது தண்ணியக் குடிச்சிராத," என்றாள் கூடப் படித்த ரெஜினா, போன வருடமே தேறியவள்.

1147ஆம் எண் வண்டி. ஓட்டுநர் இருக்கையில் சுடலைமணி அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். வண்டி தானாகவே ஓடும். ஆனாலும் தாமதமானால் பயணிகள் திட்டுவதற்கு ஒரு முகம் தேவை என்பதால் கழகம் ஓட்டுநர்களை வைத்திருந்தது.

சுதன் கச்சையைக் கட்டிக்கொண்டு கைப்பிடியைத் தொட்டான். இடுப்பில் யாரோ கம்பியைச் சொருகித் திருகியதுபோல் இருந்தது. அச்சு, சுருள்வில், அடிச்சட்டம் என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தான். எல்லாம் திடமாக இருந்தன. வலி மட்டும் நின்றபாடில்லை.

"சொந்த வலியோட வந்துட்டியா?" என்றார் தேர்வுப் பொறியாளர் கோமதி. "அப்படின்னா இப்பவே சொல்லிரு. நான் எழுதிட்டு அடுத்த ஆளக் கூப்பிடணும்."

"இல்ல மேடம். வண்டி வலிதான்."

பத்து நிமிடம் போயிருந்தது. அண்ணாச்சி வெற்றிலை துப்ப இறங்கினார். வலி பட்டென்று நின்றது. ஏறி உட்கார்ந்தார். கம்பி மறுபடி திருகியது.

சுதனுக்குப் புரிந்துவிட்டது. ஓட்டுநர் தூங்காமல் இருக்கிறாரா என்று பார்க்க இருக்கை அவர் தசைகளை ஓயாமல் வேவு பார்க்கும். ஒன்பது வருடம் ஒரே முதுகை வேவு பார்த்த வண்டி, அந்த முதுகின் நோவையும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டுவிட்டது. காலைச் சோதனையின்போது இருக்கை காலி என்பதால் இதுவரை யாருக்கும் பிடிபடவில்லை.

அவன் ஏறிப்போய்க் குனிந்து, "அண்ணாச்சி, ஒங்களுக்கு இடுப்பு வலிக்கா?" என்றான்.

அவர் வெளியே ஒரு பார்வை பார்த்தார். "மெதுவாப் பேசு தம்பி. ஆறு வருசமா வலிக்கு. கையெழுத்துப் போட்டுக்கிட்டேதான் வாரேன். தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவானுவ. மக கல்யாணம் வேற நிக்கி. சீட்டு ஸ்பிரிங்குன்னு எழுதிரு."

"ஸ்பிரிங்க மாத்துனாலும் வலி போகாதே அண்ணாச்சி. நான் பெயிலாயிருவேன்."

"உண்மைய எழுதுனா நான் பெயிலு," என்றார் அவர். அதன்பிறகு கெஞ்சவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, எங்கும் போகாத வண்டியை ஓட்டுபவர்போல் நேராகப் பார்த்தார். அது கெஞ்சியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஆறு நிமிடம் மிச்சம். கழகம் மனிதர்களை வீட்டுக்கு அனுப்பும். பேருந்தின் பாகத்தை அனுப்ப முடியாது. சட்டப்படி பழுதுதான் பார்க்க வேண்டும். சுதன் விடைத்தாளை எடுத்தான். நோவும் பாகம்: ஓட்டுநர். இடம்: இடுப்பு. பாக எண் என்ற கட்டத்தில், பட்டியலில் இல்லாத 413 என்று எழுதினான்.

கோமதி அதை மூன்று முறை படித்தார். "விளையாடுதியா?"

"சோதிச்சுப் பாருங்க மேடம். அவர எறக்குனா வலி போயிரும். பாகம்னா அப்படித்தானே?"

அண்ணாச்சியை நான்கு முறை இறக்கி ஏற்றினார்கள். சரிபார்ப்பி என்ற கருவிக்கு நகைச்சுவை தெரியாது. நான்கு முறையும் 'விடை சரி' என்றது. அன்று மாலைக்குள் அண்ணாச்சிக்கு முதுகுக்குச் சிகிச்சை, பதினைந்து நாள் நிழலில் நிறுத்திவைப்பு, தினமும் எண்ணெய்.

செய்தி பரவியது. ஒரே மாதத்தில் நடத்துநர், துப்புரவாளர், கோமதி மேடம் எல்லாரும் மனுப்போட்டுப் பாகமானார்கள். பயில்வர்களையும் கழகமே மொத்தமாகச் சேர்த்துவிட்டது: பாக எண் 418. விடுப்பு என்ற சொல்லே ஒழிந்தது. யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை, பழுதுதான் ஆனார்கள். கழகத்தின் வரலாற்றில் தொழிலாளர்கள் இவ்வளவு நலமாக இருந்ததில்லை.

பட்டமளிப்பு நாளில் சுதனின் பெயரை முதலில் அழைத்தார்கள். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. உறையைப் பிரித்தான். பாகங்களுக்குப் பட்டம் தர விதியில்லை என்பதால் தரச்சான்று வைத்திருந்தார்கள். பாக எண் 418. நிலை: புதிது. ஆயுள்: பதினைந்து ஆண்டு அல்லது எட்டு லட்சம் கிலோமீட்டர், எது முந்தியோ அது. பிறகு மாற்றப்படும்.

குணமாகிப் புத்தம்புதிதாக நின்ற அண்ணாச்சி கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லா இரு தம்பி! வா, ஜங்ஷன் வரைக்கும் நடந்துபோய் அல்வா வாங்கித் தாரேன்."

"ஜங்ஷன் எவ்வளவு தூரம் அண்ணாச்சி?"

"என்ன, ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்."

சுதன் சான்றை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"என்னைய நீங்க உருட்டிக்கிட்டுப் போனா, அந்த ரெண்டு கிலோமீட்டரும் கணக்குல சேருமா?"