நாற்பத்தெட்டில் விழும் டிக்

தாப்பாவிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலை முடிகிற இடத்தில் எட்டாங்கட்டைத் தோட்டம் இருந்தது. ரப்பர் மரங்களைச் சாய்த்துப் பல வருஷம் ஆகிறது. போன மாதம் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். மிச்சமிருந்தவை இடுகாடும், அதை ஒட்டிய ஆயாக்கொட்டகையும்தான். ரப்பர் பாலுக்காக மரத்தைக் கீறி வெட்டப் போகும் பெண்கள் விடியுமுன் கைப்பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுப்போன கொட்டகை.

தினேஸ்வரி மதியம் ஈப்போவிலிருந்து காரில் வந்து, கொட்டகையின் நடுவில் மேசை போட்டு மடிக்கணினியை விரித்தாள். இங்கே வீடு கட்டப்போகும் கம்பெனிக்கு இணையப் படிவம் செய்து கொடுத்தவள் அவள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு எண், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. தங்கள் உறவு கிடக்கும் குழிக்கு டிக் போட்டால் எலும்பை எடுத்துக் கொடுப்பார்கள். டிக் இல்லாத குழியை டோசர் தள்ளிவிடும். இன்று அந்தியோடு பட்டியல் மூடுகிறது. கைபேசியில் போடத் தெரியாதவர்களுக்காக நேரிலேயே உட்காரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"இங்கயே ஒக்காருங்க மேடம்," என்றார் குழி தோண்டும் குத்தகைக்காரர் சுகுமாரன். "இது ஒண்ணுதான் ஒழுகாது. ஆவி கீவி வந்தா அதுக்கும் ஒரு டிக் போட்டு உட்டுடுங்க லா."

அவர் சிரித்துக்கொண்டே மழைக்கு முன் இடுகாட்டுப் பக்கம் போனார்.

தலைக்கு மேலே தடித்த உத்திரம். அதில் வரிசையாகத் துருப்பிடித்த கொக்கிகள், தொட்டில் கயிறு அறுத்த பள்ளங்கள். புளித்த பால் வாடை அடித்தது. எத்தனை வருஷத்துப் பாலோ.

வருகிறவர்கள் வந்து போனார்கள். மழை இறங்கியபோது வீரம்மா வந்தாள். தாப்பாவில் சாப்பாட்டுக் கடையில் மங்கு தட்டு கழுவுகிறவள். சோப்பு தின்ற விரல்கள் வெளுத்து வெடித்திருந்தன.

"நாப்பத்தேழு, தங்கச்சி. எம்புள்ள ஷாமினி. ரெண்டு வயசுல போயிட்டா. பக்கத்து வூட்டுப் பையன் போன்ல டிக் போட்டுக் குடுத்தான். மறுபடி தொறந்து பாத்தா இல்ல. திரும்பப் போட்டேன். திரும்பவும் இல்ல."

தினேஸ்வரிக்கு இது புதிதல்ல. படிவத்தை முதலில் விட்டபோது அதே கோளாறுதான். சேமித்துவிட்டுத் திரும்பத் திறந்தால் எல்லாப் பெட்டியும் காலியாகக் காட்டியது. பழையது இருக்கும் என்று நம்பி, புதிதாக ஒன்றுக்கு மட்டும் டிக் போட்டவர்கள் பழையதை இழந்தார்கள். பிறகு சரிசெய்துவிட்டாள். இப்போது பக்கம் திறக்கும்போதே, முன்பு சேமித்த எண்களைத் தரவுத்தளத்தில் கேட்டு, அந்தந்தப் பெட்டியில் டிக்கை வைத்துத்தான் காட்டும்.

"இருங்கக்கா. நான் போடறேன்."

நாற்பத்தேழில் டிக் போட்டுச் சேமித்தாள். பக்கம் திரும்பி வந்தது.

நாற்பத்தேழு காலி.

நாற்பத்தெட்டில் டிக்.

கை தவறியிருக்கும் என்று திரும்பப் போட்டாள். நாற்பத்தெட்டில்தான் விழுந்தது. எழுதிய நிரலை வரி வரியாகப் பார்த்தாள். பிழை இல்லை. டிக் போட்ட பெட்டி தன் எண்ணை அனுப்பும், போடாத பெட்டி வாயே திறக்காது. இந்த வேலையில் அவள் கற்ற முதல் பாடம் அது. யாரும் தொடாத நாற்பத்தெட்டு எப்படி வாய் திறக்கிறது?

"அக்கா, நாப்பத்தெட்டு யாரு?"

வீரம்மாவின் முகம் கறுத்தது.

"செங்கமலம். இந்தக் கொட்டாயோட ஆயா. 'நீ வேலைக்குப் போ, நான் பாத்துக்கிறேன்'னு தெனமும் சொல்லுவா. அன்னிக்கும் சொன்னா. எம்புள்ளைக்கு வலிப்பு வந்திருக்கு, நான் மரம் வெட்டிக்கிட்டிருந்த தீம்பாருக்கு ஆள் அனுப்பல. நான் பால் தூக்கிட்டு வர்றப்ப தொட்டில் ஆடிக்கிட்டே இருந்துச்சு. உள்ளார பொணம்."

மழை தகரக் கூரையை அறைந்தது.

"அந்த வருசமே அவளும் செத்தா. கேட்க நாதியில்ல. எம்புள்ள பக்கத்துலயே வெட்டிப் பொதைச்சானுங்க."

தினேஸ்வரி இரண்டு பெட்டியிலும் டிக் போட்டுப் பார்த்தாள். இரண்டும் நின்றன.

"ரெண்டும் நிக்குதுக்கா. இப்படியே விட்டுடலாம். அவங்களயும் சேத்து எடுத்துடுவாங்க."

"எடு அத."

"நேரமாகுதுக்கா. அதை எடுத்தா ஒங்களோடதும் போயிடுது..."

"இது என் ஒறவுன்னு கையெழுத்துப் போடணும்ல? அவளா என் ஒறவு? எம்புள்ள எலும்பு அவ எலும்போட ஒரே வண்டியில வரணுமா? எடு தங்கச்சி. ஒன் கால்ல விழறேன்."

விழுந்தேவிட்டாள். ஈர மண்தரையில் நெற்றி படக் கிடந்து அழுதவளைத் தூக்க முடியவில்லை. வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

தினேஸ்வரி படிவத்தை விட்டுவிட்டு நேராகத் தரவுத்தளத்துக்குள் போனாள். நாற்பத்தெட்டை அழித்தாள். நாற்பத்தேழைத் தன் கையால் எழுதினாள். இனி யாரும் மாற்ற முடியாதபடி பூட்டினாள்.

பக்கத்தைத் திறந்தாள். நாற்பத்தேழில் டிக்.

அப்போது உத்திரத்தில் ஒரு சத்தம் நின்றது.

கிறீச், கிறீச் என்று அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நின்றபிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை சுகுமாரனின் ஆட்கள் நாற்பத்தேழைத் தோண்டினார்கள். வீரம்மா புதுத் துணி ஒன்றை மடியில் விரித்து, விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மட்கிய பலகைகள் வந்தன. மண் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

"சின்னப் புள்ள எலும்புக்கா. கரைஞ்சிருக்கும்," என்றார் சுகுமாரன்.

"கருவளை போட்டுப் பொதைச்சேன் அண்ணே. கண்ணாடியும் கரையுமா?"

அவர் பலகைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று பக்கம் முழுசாக இருந்தது. நாற்பத்தெட்டைப் பார்த்த பக்கம் மட்டும் வெளியே தள்ளி உடைந்திருந்தது.

உள்ளிருந்து தள்ளியதுபோல.

வீரம்மா எழுந்து ஓடினாள். அடுத்த குழி இருந்த இடத்தில் டோசரின் பல் தடம்தான் இருந்தது. டிக் இல்லாத குழிகளை விடியும்போதே தள்ளி, மண்ணை லோரியில் ஏற்றி, புதுச் சாலைப் பள்ளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் வெறும் கையால் சேற்றைப் பறித்தாள். நகம் பிய்ந்தது. யாரும் தடுக்கவில்லை.

கடைசியில் ஒன்று கிடைத்தது. நீளமான, பெரியவர் விரல் எலும்பு. அதில் ஒரு சின்னக் கருவளை கோத்திருந்தது.

மீதி லோரியோடு போய்விட்டது.

தினேஸ்வரிக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளை எங்கே இருக்கிறது என்று படிவம் நேற்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அவள் அதை அழித்திருக்கிறாள்.

அந்தியில் அவள் கொட்டகைக்குச் சாமான் எடுக்கப் போனபோது வீரம்மா உள்ளே இருந்தாள். காலையில் கொண்டுவந்த புதுத் துணியை உத்திரத்துக் கொக்கியில் தொட்டிலாகக் கட்டி, அதன் கீழே உட்கார்ந்திருந்தாள். கையில் கருவளை.

"வாங்க போலாம்க்கா. இதயும் நாளைக்கு இடிச்சிருவாங்க."

"ஆயாகிட்ட விட்டா அந்திக்கு வந்து வாங்கிக்கணும். அதான் வந்துட்டேன்." உத்திரத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஆயா, தப்புதான். ஒன்னயும் சேத்துக் கூப்புட்டிருக்கணும். குடுத்துடு ஆயா."

பிறகு தினேஸ்வரியின் கையைப் பிடித்தாள். "ரெண்டுலயும் டிக் போடு தங்கச்சி. நான் கையெழுத்துப் போடறேன்."

பட்டியல் மூடிவிட்டது, குழியே இல்லை. ஆனாலும் தினேஸ்வரி பூட்டை எடுத்து, இரண்டிலும் டிக் போட்டுச் சேமித்தாள்.

நாற்பத்தேழு காலி. நாற்பத்தெட்டில் டிக்.

மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான்.

தரவுத்தளத்தில் இருந்த எல்லாக் குழிகளையும் ஒரே கட்டளையில் அழித்தாள். இனி காட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. பக்கத்தைத் திறந்தாள்.

வெள்ளைத் திரையின் நடுவில் ஒரே ஒரு பெட்டி. எண் இல்லை.

டிக் இருந்தது.

கிறீச்.

காலித் தொட்டில் கனத்துத் தொங்கியது. புளித்த பால் வாடை மூக்கை அடைத்தது. வீரம்மா இரண்டு கையையும் துணிக்குள் விட்டுத் துழாவினாள்.

"சூடா இருக்கு," என்று கிசுகிசுத்தாள். "சூடா இருக்கு தங்கச்சி. கைக்கு ஆம்புட மாட்டேங்குது."

அவள் மண்டியிட்டே மேசைக்கு வந்தாள். வெடித்த விரலால் அந்த டிக்கை எடுத்தாள். சேமித்தாள். டிக் வந்தது. எடுத்தாள். வந்தது. "குடுடீ," என்று அலறியபடி மேசையை அறைந்தாள்.

சத்தத்தில் விழித்த பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல, தொட்டில் வேகமாக ஆடத் தொடங்கியது.