கண் இல்லாத இறக்கை

காலை எட்டு மணி. புல்வெளி முடிகிற பாறைச் சரிவின் அடியில் அவள் இறந்து கிடந்தாள். பூச்சி ஆய்வாளர். சட்டைப் பையில் ஒரு காகித உறை. உள்ளே செத்த வண்ணத்துப்பூச்சி, வெறும் பழுப்பு.

இன்ஸ்பெக்டர் குனிந்தபோது காலடியில் இன்னொரு பழுப்புப் பூச்சி எழுந்து பறந்தது. பக்கத்திலேயே ஒரு புல்நுனியில் உட்கார்ந்தது. ஒரு மாதமாக விடாத மழை. ஈர இறக்கையின் ஓரத்தில் கண் கண்ணாக வளையங்கள்.

வீட்டில் கணவன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

"விடியறதுக்கு முன்னாடியே பூச்சி பிடிக்கக் கிளம்பிட்டா மேடம். நான் தூங்கிட்டிருந்தேன்."

"வழுக்கி விழுந்துட்டாள்னு மட்டும் எழுதிடாதீங்க," என்றாள் இறந்தவளின் அக்கா. "அந்தப் பாறை அவளுக்குத் தண்ணிபட்ட பாடு."

ஜன்னலோரம் ஒரு வலைக்கூண்டு. உள்ளே புல், புல் நிறத்திலேயே புழுக்கள். வெடித்த பச்சைக் கூட்டைப் பற்றிக்கொண்டு புதிய பூச்சியொன்று இறக்கை உலர்த்திக்கொண்டிருந்தது. அதிலும் வளையங்கள்.

அக்கா உடைந்து அழுதாள். "முட்டையிலேருந்து வளத்தா மேடம். காலையில வெளிய வரும், பக்கத்துலயே உக்காந்திருப்பேன்னு நேத்துதான் ஃபோன்ல சொன்னா."

இன்ஸ்பெக்டர் உறையைப் பிரித்தார். "இது வேற ஜாதியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள் அக்கா. "மழையில வளந்தா கண்ணு இருக்கும். கோடையில வளந்தா இருக்காது, சருகோட சருகா கிடந்து தப்பிக்கணுமே."

இன்ஸ்பெக்டர் மேசை இழுப்பறையை இழுத்தார். கோடையில் பிடித்த பூச்சிகளோடு அதே மாதிரி உறைகள், அடுக்கடுக்காக. கணவன் தலை குனிந்தான்.

"கோடைப் பூச்சி இந்த மழையில எப்படிக் கிடைச்சது? இங்கேருந்து எடுத்து அவங்க பையில வச்சது நீங்க. கூடு வெடிக்கிற நேரத்துல அவங்க வீட்டை விட்டு நகர்ந்திருக்கவே மாட்டாங்க. அப்போ நேத்து சாயங்காலமே பாறைக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்க."

கணவன் இழுப்பறையை மூடினான்.

"வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு, தனியாப் போறேன்னு சொன்னா. கையைப் பிடிச்சேன். உதறினா. ஆத்திரத்துல தள்ளிட்டேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், அவள் கேட்ட உண்மை கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

"இந்த வித்தியாசத்தை உங்ககிட்ட அவங்க சொன்னதே இல்லையா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அவன் கூண்டையே பார்த்தான்.

"சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவா மேடம். நான்தான் ஒரு நாளும் காது கொடுத்ததில்ல."