மேசையில் இல்லாத கீபோர்டு

மேசையில் கீபோர்டு ஒன்றுதான் இருந்தது. திரை இரண்டு என்றது.

கணினி கண் விழித்ததும் முதலில் ஓடுகிற ஃபர்ம்வேருக்கு, அதிலும் யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தக்கூடிய ஃபர்ம்வேருக்கு, அவன் ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டிருந்தான். பெட்டிக்குள் எவ்வளவு நினைவகம், எத்தனை கீபோர்டு, எந்தெந்த விசை அழுந்தியிருக்கிறது என்று பட்டியல் காட்டும், அவ்வளவுதான். இருந்த ஒரே கீபோர்டின் வயரையும் பிடுங்கிப் பார்த்தான். ஒன்று என்றது. ஜன்னலில்லாத அந்த அறையில் சூடேறிய தூசியின் வாசனையும், மின்விசிறியின் இரைச்சலும், இரைச்சலுக்கு அடியில் யாரோ நகத்தால் மரத்தைத் தட்டுவதுபோல விட்டுவிட்டு ஒரு மெல்லிய ஒலியும் இருந்தன.

பட்டறை மனைவியின் அண்ணனுடையது. இவர்கள் குடியிருக்கும் மாடி அறையும் அவருடையதுதான். ஐந்து மணிக்குக் கணினியை வாங்குகிற ஆள் வருவார், பட்டியலில் பிசகு இருந்தால் வேலையும் கிடையாது, மாடியும் கிடையாது என்று காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார். நிறைமாதக்காரியை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

நாலரைக்கு மைத்துனர் வந்து திரையைப் பார்த்தார்.

“ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாத ஆளுக்கா என் தங்கச்சியைக் குடுத்தேன், மாப்பிள்ளை?”

அவர் தலை மறைந்ததும் வயரைத் திரும்பச் செருகி, நிரலில் ஒரு வரி சேர்த்தான். எத்தனை இருந்தாலும் ஒன்றுக்கு மேல் காட்டாதே. திரை ஒன்று என்றது. வந்த ஆள் திருப்தியோடு போனார். மைத்துனர் பாராட்டவில்லை, திட்டாமல் போனதே பெரிது.

மாடி தப்பியதை மனைவிக்குச் சொல்ல போனை எடுத்தான். மறுகையால் தன் கீபோர்டைக் கழற்றினான்.

ஒன்று.

அதற்குக் கீழே ஓர் எழுத்து தோன்றி மறைந்தது. பிறகு இன்னொன்று. நிதானமாக. ஒற்றை விரலால் தட்டிப் பழகுவதுபோல.

மறுமுனையில் அவள் தூக்கக் கலக்கத்தில் சிரித்தாள்.

“பின்னாடி உக்காந்து முதுகைத் தட்டிக்கிட்டே எதுக்குங்க போன் வேற?”

திரையில் ஓர் எழுத்து.

“ம்... அங்கதான்.”

இன்னோர் எழுத்து.

“கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?”

எழுந்தான். திரையில் எழுத்துகள் நின்றன. போனில் அவள் புரண்டு திரும்பும் சத்தம். கட்டில் முனகல். பாதியில் அறுந்த ஒரு மூச்சு.

அழுந்தியிருக்கும் விசைகள்: பத்து.

அந்த எண் மாறவே இல்லை.