உட்காராத மோப்ப நாய்

"சார், எங்க லாரியை எல்லையில பிடிச்சு வச்சுட்டாங்க!"

சுங்க அலுவலகத்துக்குள் நுழைந்த தலையணைக் கம்பெனி முதலாளியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பின்னாலேயே அவர் தம்பி. நாற்பது வயதாகியும் அக்கா பின்னால்தான் நடப்பார். வாய் மட்டும் இரண்டடி முன்னே ஓடும்.

"முதல்ல தண்ணி குடிங்கம்மா" என்றார் அதிகாரி. அவசரமே அறியாத மனுஷர்.

விஷயம் இதுதான். அந்த வட்டாரத்து நாடுகளெல்லாம் ஒரு ஏற்பாடு செய்திருந்தன. நம்பிக்கையான கம்பெனிகள் தங்கள் லாரிக்குத் தாங்களே எண் போட்ட முத்திரை வைக்கலாம். எண்ணை முன்கூட்டியே எல்லா நாட்டுச் சுங்கத்துக்கும் அனுப்பிவிட்டால் வழியில் யாரும் திறக்கமாட்டார்கள். அந்தச் சான்றிதழை முதலாளியம்மா மூன்று வருஷம் நடையாய் நடந்து வாங்கியிருந்தார். இன்றைக்கோ, காகிதத்தில் ஒரு எண், லாரிக் கதவில் வேறு எண். மாலை ஐந்துக்குள் காரணம் தெரியாவிட்டால் சான்றிதழ் ரத்து.

"சரக்கு குறையுதா?"

"ஒண்ணும் குறையல, ஒண்ணும் கூடல. ஒரு பெட்டிக்கு மட்டும் ரெண்டு தடவை டேப் ஒட்டியிருக்காம். அதைப் பார்த்து மோப்ப நாய் குரைச்சுத் தீர்த்துடுச்சாம்."

"டிரைவர்தான் சார்! வழியில எதையோ ஏத்தி இறக்கியிருக்கான்" என்றார் தம்பி.

"நாய் குரைச்சுதா? உட்காரலையா?"

"நாய்க்கு நாற்காலி போடலையே சார்!"

அதிகாரி சிரித்துக்கொண்டே எழுந்தார். "வாங்க, உங்க கம்பெனியைப் பார்ப்போம்."

வாசல் காவலரிடம் நோட்டு இருந்தது. நேற்றுக் காலை லாரி வெளியேறும்போதே முத்திரை எண்ணைப் பார்த்து எழுதியிருந்தார். எல்லையில் கதவில் இருந்த அதே எண்! தம்பியின் முகம் சுருங்கியது.

பெட்டி கட்டும் அறையில் தலையணைகள் மலையாய்க் கிடந்தன. உச்சியில் வட்டமாய் ஒரு குழி. முத்திரை வைக்கும் பொறுப்பு முதலாளியம்மாவின் சித்திக்கு. அவர் கையில் கட்டு.

"என்னம்மா ஆச்சு?"

"ஊசி குத்திடுச்சுங்க."

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். டேப், கத்தரிக்கோல், அட்டைப்பெட்டி. பிறகு எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"முத்திரை வழியில மாறல, இங்கேயே மாறியிருக்கு. எண்ணை அனுப்பின பிறகு யாரோ வெட்டித் திறந்து, ஒரு பெட்டியைப் பிரிச்சிருக்காங்க. சரக்கு அப்படியே இருக்கு. அப்போ வெளியே வந்தது சரக்கு இல்ல. பழக்கின நாய் கள்ளச் சரக்கைக் கண்டா சத்தமில்லாம உட்காரும். குரைச்சா அது வேலை பார்க்கல, சண்டைக்குக் கூப்பிடுது. நாய்க்குத் தலையணை மேல என்ன சண்டை?" அவர் குரல் தணிந்தது. "இந்த ரூம்ல ஊசியே இல்லையேம்மா. கீறினது பூனைதானே?"

சித்தியின் கண் கலங்கியது. "பெட்டிக்குள்ள தூங்கியிருக்கு, கவனிக்கல. வண்டிக்குள்ள கத்துச்சு. மூணு நாள் பயணமாச்சே, செத்தே போயிருக்கும்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன சித்தி? அறுபது பேர் பிழைப்பு!"

"இன்னொரு தடவை இந்த ரூம்ல பார்த்தா ஊருக்கு வெளியே விட்டுடுவேன்னு நீதானே சொன்ன?"

அதிகாரி நோட்டைப் படமெடுத்து, நடந்ததை எழுதி, எல்லைக்கு அப்பாலிருந்த அதிகாரிக்கு அனுப்பினார்.

ஐந்துக்குக் கால்மணி இருக்கையில் பதில் வந்தது. தம்பி உரக்கப் படித்தார்: "லாரி புறப்பட்டது. சான்றிதழ் தொடரும், எச்சரிக்கைக் கடிதத்தோடு. முத்திரை வைக்குமுன் பார்க்கும் பட்டியலில் ஒரு வரி சேர்க்கவும்: பூனை வெளியே இருக்கிறதா? பின்குறிப்பு: அது நலமா?"

சித்தி தயங்கித் தயங்கி அலமாரியைத் திறந்தார். சாம்பல் நிறப் பூனை சோம்பல் முறித்து இறங்கி, நேரே போய் முதலாளியம்மாவின் பாதத்தின் மேல் படுத்தது.

அவர் காலை அசைக்கவில்லை. பட்டியலை வாங்கி அந்த வரியைத் தன் கையாலேயே சேர்த்து, பொறுப்பாளர் என்ற இடத்தில் எழுதினார்: சித்தி.